இருதயத்தை எழுத வைத்தவர்

மார்பை அழுத்துகிறது என்று ஒருவர் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவர் கரும்பு வெட்டிவிட்டு வந்தவராக இருக்கலாம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவராக இருக்கலாம். அவரைப் படுக்க வைக்கிறார்கள். இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் கவ்விகளை மாட்டுகிறார்கள். மார்பில் ஆறு இடங்களில் வயர்களைப் பொருத்துகிறார்கள். சில நிமிடங்கள்தான். கட்டம் போட்ட காகிதம் ஒன்று, நெளிநெளியான கோடுகளுடன் வெளியே வருகிறது.

அதுதான் இ.சி.ஜி. இருதயம் டாக்டருக்கு எழுதும் கடிதம்!

வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் அந்தக் காகிதம் ஓர் உயிரைக் காப்பாற்றிவிடும். இருதயத்தை இப்படித் தெளிவாக எழுத வைத்தவர் ஒரு டச்சு டாக்டர். அவர் பெயர் வில்லெம் ஐந்தோவன்.

இன்று இ.சி.ஜி. இயந்திரத்தை ஒரு பைக்குள் வைத்து எடுத்துப் போகலாம். ஐந்தோவன் செய்த முதல் இயந்திரத்தின் எடை 270 கிலோ. அது இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. அதை இயக்க ஐந்து ஆட்கள் தேவைப்பட்டார்கள்!

சாவகத்தில் பிறந்தார்

மணிமேகலைக் காவியத்தில் சாவக நாடு வருகிறது. அதைத்தான் இப்போது ஜாவா என்கிறோம். இந்தோனேசியாவில் உள்ள தீவு. ஒரு காலத்தில் அதை டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். அந்தத் தீவில் செமாராங் என்ற நகரில், 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ந் தேதி ஐந்தோவன் பிறந்தார்.

தகப்பனார் ஜேக்கப் ஒரு டாக்டர். முதலில் ராணுவத்தில் வேலை பார்த்தார். பிறகு செமாராங் நகரில் வைத்தியம் செய்தார். அவருக்கு ஆறு குழந்தைகள். வில்லெம் மூன்றாவது குழந்தை. ஆண்பிள்ளைகளில் அவர்தான் மூத்தவர்.

வில்லெம் சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் 1870ல் ஆறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சொந்த நாடான ஹாலந்துக்குத் திரும்பினார். உட்ரெக்ட் என்ற நகரில் குடியேறினார்.

1878ல் வில்லெம் அங்குள்ள சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். தகப்பனாரைப்போலத் தானும் டாக்டராக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

படிப்பைப்போலவே விளையாட்டிலும் அவர் கெட்டிக்காரர். உடற்பயிற்சி, வாள் வீச்சு, படகு ஓட்டுதல் எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். ஒருமுறை கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மற்றவர்களாக இருந்தால் கட்டிலில் படுத்து முனகியிருப்பார்கள். அவரோ, மனிதனின் கை எப்படித் திரும்புகிறது, முழங்கையும் தோளும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயத் தொடங்கிவிட்டார். அதை ஒரு கட்டுரையாகவும் எழுதி வெளியிட்டார்!

1885ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு லெய்டன் சர்வகலாசாலை அவரை உடலியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 25தான்! அடுத்த ஆண்டு வேலையை ஏற்றுக்கொண்டார்.

லெய்டன் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. ஆனைமங்கலம் கிராமத்தைத் தானம் கொடுத்த சோழர் செப்பேடுகள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. அதே லெய்டனில், சாகும்வரை ஐந்தோவன் பேராசிரியராக இருந்தார்.

உப்புத் தண்ணீரில் நின்ற நாய்

இருதயத்தில் மின்சாரம் இருக்கிறது. கேட்பதற்கு விந்தையாக இருக்கும். ஆனால் உண்மை.

இருதயத்துக்கு நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் அறை ஒன்றின் மூலையில் ஒரு சிறு இடம் இருக்கிறது. அங்கேதான் மின்சாரம் பிறக்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் முதலில் மேல் வயலில் பரவுகிறது. வரப்பில் சற்றே தேங்குகிறது. பிறகு கீழ் வயலுக்குப் பாய்கிறது. அதைப்போல மின்சாரம் முதலில் மேல் அறைகளில் பரவும். நடுவில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கும். பிறகு கீழ் அறைகளில் பாயும். மின்சாரம் பாயப் பாய, தசை சுருங்கும். ரத்தம் உடம்பெங்கும் ஓடும்.

இந்த மின்சாரம் மிக மிகச் சிறியது. உடம்பின் மேல் தோலில் அளந்தால், டார்ச் விளக்கின் ஒரு பாட்டரியில் உள்ளதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும்.

மனித இருதயத்தின் இந்த மின்சாரத்தை, உடம்பைக் கீறாமல் முதன்முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர் என்பவர். 1887ல் லண்டனில் அதைச் செய்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் வைத்த கருவி அது. மின்சாரம் பட்டால் பாதரசம் ஏறி இறங்கும். அதைப் படம் எடுத்தார்.

வாலரிடம் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. அதன் கால்களை உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்து, அதன் இருதய மின்சாரத்தைக் கூட்டங்களில் காட்டுவார். ஜிம்மி சமர்த்தாக நிற்கும்! 1909ல் இதைப்பற்றிப் பார்லிமெண்டிலேயே கேள்வி கிளம்பியது. நாயைச் சித்திரவதை செய்கிறார்களா என்று ஒரு மெம்பர் கேட்டுவிட்டார். உப்புத் தண்ணீரில் நிற்பதால் நாய்க்கு ஒரு துன்பமும் இல்லை என்று பதில் கிடைத்தது.

1889ல் ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரில் உடலியல் அறிஞர்களின் மாநாடு நடந்தது. அங்கே வாலர் தம் சோதனையைக் காட்டினார். பார்த்தவர்களில் ஒருவர் 29 வயது ஐந்தோவன். இனி இதுதான் தம் வேலை என்று ஆகிவிட்டது அவருக்கு.

வண்டி போனால் கோடு ஆடும்

லெய்டனில் அவரும் பாதரசக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொல்லைகள் தொடங்கின.

அவருடைய ஆராய்ச்சிசாலை பழைய கட்டடம். பக்கத்தில் கல் பாவிய தெரு. குதிரை வண்டி போனால் தரை அதிரும். பாதரசமும் ஆடும். தரையைத் தோண்டிக் குழி பறித்து, பெரிய பெரிய கற்களைப் போட்டு நிரப்பி, அதன்மேல் கருவியை வைத்துப் பார்த்தார். அப்போதும் ஆட்டம் முழுவதும் நிற்கவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பாதரசம் சோம்பேறி. மின்சாரம் வேகமாக ஏறி இறங்கும். பாதரசம் பின்தங்கிவிடும். அதனால் விழும் கோடு உண்மையான கோடு அல்ல.

ஐந்தோவன் கணக்கில் புலி. பாதரசம் எவ்வளவு பின்தங்குகிறது என்று கணக்குப் போட்டு, உண்மையான கோடு எப்படி இருக்கும் என்பதைக் காகிதத்தில் வரைந்தார். அதில் ஐந்து ஏற்ற இறக்கங்கள் தெரிந்தன. 1895ல் அவற்றுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என்று வரிசையாக ஐந்து ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்தார். உலகம் முழுவதும் டாக்டர்கள் இன்றும் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? கணக்கே இல்லாமல் நேராக உண்மையை எழுதும் கருவி வேண்டும். அதைச் செய்ய அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அம்பு இழுத்த நூல்

புதிய கருவியின் உயிர் ஒரு நூல். படிகக் கல்லை உருக்கி எடுத்த நூல்.

அதைச் செய்யும் முறை வேடிக்கையானது. படிகக் கல்லை உருக்கி, அம்பின் நுனியில் ஒட்ட வைப்பார்கள். அம்பை விடுவார்கள். அது பறக்கும்போது உருகிய படிகத்தை இழுத்துக்கொண்டு போகும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நூல் கிடைக்கும். அதற்கு வெள்ளிப் பூச்சு கொடுத்தார்கள்.

இந்த நூலைப் பெரிய மின்காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார் ஐந்தோவன். காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடவிட்டார்கள். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்காருவார். இருதய மின்சாரம் உப்புத் தண்ணீர் வழியே நூலுக்கு வரும். நூல் அசையும். அதன் நிழலைப் பெரிதாக்கி, நகரும் படத்தகட்டில் விழச் செய்தார். இருதயம் எழுதத் தொடங்கிவிட்டது!

1901ல் இந்தக் கருவியைப்பற்றி அறிவித்தார். 1903ல் விவரமாக எழுதினார். பழைய பாதரசக் கோட்டைத் திருத்தி அவர் கணக்கில் கண்டுபிடித்த வடிவமும், புதிய நூல் நேரில் எழுதிய வடிவமும் ஒன்றாகவே இருந்தன. கணக்கு பொய்க்கவில்லை.

காகிதத்தைப் படிப்பது எப்படி?

அந்தக் காகிதத்தில் என்னதான் இருக்கிறது? கொஞ்சம் பார்க்கலாம்.

காகிதம் முழுவதும் சிறு கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அகலம். ஐந்து சிறு கட்டம் சேர்ந்தது ஒரு பெரிய கட்டம். காகிதம் வழக்கமாக ஒரு நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஆகவே ஐந்து பெரிய கட்டம் என்றால் ஒரு நொடி. 300 பெரிய கட்டம் என்றால் ஒரு நிமிடம்.

கோட்டில் முதலில் ஒரு சிறு மேடு. அது பி. மேல் அறைகளில் மின்சாரம் பரவுகிறது என்று பொருள்.

அடுத்து ஒரு சிறு இடைவெளி. பிறகு கோபுரம்போல ஓர் உயரமான கூர்முனை. அதுதான் கியூ, ஆர், எஸ். கீழ் அறைகளில் மின்சாரம் பாய்கிறது. அங்கே தசை தடிப்பு. அதனால் உயரமும் அதிகம்.

கடைசியில் இன்னொரு மேடு. அது டி. கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகின்றன.

துடிப்பு ஒழுங்காக இருந்தால், ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணுங்கள். 300ஐ அதனால் வகுங்கள். நான்கு கட்டம் இருந்தால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. மூன்று கட்டமானால் 100. ஆறு கட்டமானால் 50.

கோபுரங்கள் ஒரே சீரான இடைவெளியில் நிற்க வேண்டும். தாறுமாறாக நின்று, முன்னால் பி மேடும் காணாமல் போயிருந்தால், மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கின்றன என்று டாக்டர் எண்ணுவார்.

எஸ்ஸுக்கும் டிக்கும் நடுவில் உள்ள கோடு மிக முக்கியம். அது தரைமட்டத்தில் இருக்க வேண்டும். மார்பு வலியோடு வந்தவருக்கு அந்தக் கோடு மேலே தூக்கி நின்றால், இருதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் அடைத்திருக்கலாம். அமெரிக்க டாக்டர் ஹரால்ட் பார்டி 1920ல் இந்த அடையாளத்தை எடுத்துக் காட்டினார். இந்தக் கோட்டைப் பார்த்ததும் டாக்டர் பரபரப்பதில் வியப்பில்லை.

ஒரே துடிப்பை ஏன் பல கோடுகளாக எழுத வேண்டும்? தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். எதிரே நிற்பவருக்குத் தேரின் முகப்பு தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குச் சக்கரம் தெரியும். பின்னால் நிற்பவருக்கு முதுகு தெரியும். தேர் ஒன்றுதான். இரண்டு கை, ஒரு கால் என்ற மூன்று முனைகளிலிருந்து இருதயத்தைப் பார்க்கும் முறையை ஐந்தோவன் ஒரு முக்கோணமாக வகுத்தார். இன்றும் அதற்கு ஐந்தோவன் முக்கோணம் என்று பெயர். அவருக்குப் பின் மார்பிலும் ஆறு இடங்கள் சேர்ந்தன. இன்று 12 கோணங்களில் பார்க்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கோடுகளைப் பார்த்து நாமே வைத்தியம் செய்துகொள்ளக் கூடாது. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும் மாரடைப்பு இருப்பது உண்டு. அதனால்தான் வலி நீடித்தால் டாக்டர் மறுபடியும் எடுக்கச் சொல்வார். ரத்தத்தையும் சோதிப்பார்.

கம்பியில் போன துடிப்பு

ஐந்தோவனுக்கு ஒரு சங்கடம். இயந்திரம் ஆராய்ச்சிசாலையில் இருந்தது. நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நடுவில் ஒன்றரை கிலோமீட்டர். 270 கிலோ இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவரை வரச் சொல்லவும் முடியாது.

அப்படியானால் துடிப்பை வரச் சொன்னால் என்ன?

1905ல் ஆஸ்பத்திரிக்கும் ஆராய்ச்சிசாலைக்கும் டெலிபோன் கம்பி இழுத்து இணைத்தார். ஆஸ்பத்திரியில் உள்ளவர் கையை உப்புத் தண்ணீரில் வைத்தார். ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால், அவருடைய இருதயம் காகிதத்தில் எழுதியது! ஆள் நகரவில்லை, செய்தி மட்டும் போனது. ரேடியோகூட வீடுகளுக்கு வராத காலம் அது.

பல நோயாளிகளின் கோடுகளை இப்படிச் சேர்த்தார். எந்த நோய்க்கு எந்த மாதிரிக் கோடு என்று 1906லும் 1908லும் எழுதினார்.

இங்கிலாந்தில் ஒரு கம்பெனி இயந்திரத்தைச் செய்து விற்க முன்வந்தது. பரிணாமக் கொள்கை கண்ட சார்லஸ் டார்வினின் மகன் ஹோரஸ் டார்வின் நடத்திய கம்பெனி அது. 1911ல் மேஜை மேல் வைக்கும் அளவுக்கு அதைச் சுருக்கினார்கள். லண்டன் டாக்டர் தாமஸ் லூயிஸ் அந்த இயந்திரத்தைக் கொண்டு இருதயத் துடிப்பின் கோளாறுகளை ஒவ்வொன்றாக விளக்கினார்.

பாதிப் பரிசு யாருக்கு?

1924ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு ஐந்தோவனுக்குக் கிடைத்தது. அப்போது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவு செய்துகொண்டிருந்தார். 1925 டிசம்பரில் ஸ்வீடன் சென்று நோபல் சொற்பொழிவு ஆற்றினார். அங்கே தம் பெருமையைப் பேசவில்லை. லூயிஸ் செய்த வேலை இல்லாவிட்டால் தமக்கு இந்த இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம் என்ற கருத்தைச் சொன்னார்.

அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். இயந்திரத்தைச் செய்ய அவருக்குத் துணையாக இருந்தவர் வான் டெர் வூர்ட் என்ற தொழிலாளி. பரிசுப் பணம் வந்ததும் ஐந்தோவன் அவரைத் தேடினார். அவர் இறந்துபோயிருந்தார். அவருடைய சகோதரிகள் இரண்டு பேர் வறுமையில் வாடுவது தெரிந்தது. பரிசில் பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம்!

ஐந்தோவனின் மகனுக்கும் வில்லெம் என்றே பெயர். என்ஜினீயரான அவர் தகப்பனாரின் கருவியை மேலும் திருத்தினார். பிறகு ஜாவாவுக்கே போய், பாண்டுங் நகரில் ரேடியோ ஆராய்ச்சிசாலையின் தலைவரானார்.

1927 செப்டம்பர் 29ந் தேதி, லெய்டனில் ஐந்தோவன் காலமானார். அவருக்கு வயது 67.

மலைக்கு என்ன செய்தி?

கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் விளைகின்றன. மலைவாழ் மக்களின் சிற்றூர்கள் மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. நடு இரவில் மலைமேல் ஒருவருக்கு மார்பு வலி வந்தால் என்ன ஆகும்? வெள்ளிமலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கள்ளக்குறிச்சி வர வேண்டும். அங்கே 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஆனால் மலைப்பாதை நேரத்தைத் தின்றுவிடும்.

அடைத்த குழாய்க்குக் கீழே உள்ள தசை ரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டே இருக்கும். செத்த தசை மறுபடி பிழைக்காது. முதல் சில மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டாலோ, பலூன் வைத்துக் குழாயைத் திறந்தாலோதான் பெரும்பயன்.

இங்கேதான் ஐந்தோவனின் டெலிபோன் கம்பி நினைவுக்கு வர வேண்டும். ஆள் போய்ச் சேருவதற்கு முன்னால் அவருடைய இ.சி.ஜி. போய்ச் சேர்ந்துவிடலாம். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸ்களையும் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். இ.சி.ஜி.யை உடனுக்குடன் அனுப்பினார்கள். 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள், ஏற்பாட்டுக்கு முன் 100க்கு 17.6 பேர். ஏற்பாட்டுக்குப் பின் 14.2 பேர். 100 குடும்பங்களில் மூன்று குடும்பங்களுக்கு மேல் விளக்கு அணையாமல் இருந்தது!

2023ல் தமிழக அரசு இதயம் காப்போம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் திட்டம் அது.

ஆனால் இவையெல்லாம் நோயாளி வந்தால்தானே? மார்பு வலி வந்தவுடன் வாயுப் பிடிப்பு என்று சொல்லி, ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் குடித்துவிட்டு, விடியட்டும் என்று படுத்துவிடுகிறார்கள். விடியும்போது காலம் கடந்துவிடுகிறது.

நடு மார்பில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் தாமதிக்கக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி அதிகம் இல்லாமல் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டும் வருவது உண்டு. உடனே 108க்குச் சொல்ல வேண்டும். பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஐந்தோவன் தம் வாழ்நாளைச் செலவிட்டு இருதயத்துக்கு எழுத்தறிவித்துவிட்டார். அது எழுதும் கடிதத்தைக் காலத்தோடு டாக்டரிடம் சேர்ப்பது நம் வேலை.